ராஜஷாஹி கற்பித்த பாடம்

சரித்திர ஆராய்ச்சி சர்க்காரின் வேலை, சர்வகலாசாலைப் பண்டிதர்களின் வேலை. ஜில்லாவாசிகளாகிய நமக்கு அதில் என்ன பங்கு என்று எண்ணுவோர் நம்மில் பலர். இவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை வட வங்காளத்தில் மூன்று கனவான்கள் 1910-ம் வருஷத்திலேயே செய்து காட்டினார்கள். அவர்கள் ராஜஷாஹி நகரில் ஸ்தாபித்த வரேந்திர ஆராய்ச்சிச் சங்கத்தின் வரலாறு, ஊர்தோறும் சங்கம் காண விழையும் தேசாபிமானிகள் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

வரேந்திரம் என்பது வட வங்காளத்தின் ஒரு பகுதிக்கு வழங்கிய பழம் பெயர். பாலர், சேனர் என்ற அரச வம்சத்தினர் அங்கே ஆண்டனர். தமிழருக்கும் அவர்கள் அந்நியரல்லர். ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைக் கூறும் திருமலைக் கல்வெட்டில் தோல்வியுற்றவனாகக் குறிக்கப்படும் மகிபாலன், இந்தப் பால வம்சத்து அரசனே என்பது சரித்திர ஆசிரியர் கொள்கை. இத்தகைய நாட்டின் சிற்பங்கள் குளங்களிலும் மண்மேடுகளிலும் கேட்பாரற்றுக் கிடந்தன.

அவற்றைத் தேடப் புறப்பட்டவர் யாவர்? திகாபதியா ராஜ குடும்பத்தைச் சேர்ந்த சரத்குமார் ராய் ஒருவர். ஸிராஜ் உத்தௌலாவின் மீது ஆங்கில ஆசிரியர் சுமத்திய பழிகளை ஆராய்ந்து முன்னரே நூல் எழுதிய வக்கீல் அக்ஷயகுமார் மைத்ரேயர் மற்றொருவர். மூன்றாமவர் பள்ளிக்கூட ஆசிரியர் ரமாபிரசாத் சந்தா. செல்வமும், வாதத் திறனும், கல்வியும் ஒன்றுகூடின என்றே சொல்ல வேண்டும்.

1910-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இவர்கள் சுற்றுப்பிரயாணம் தொடங்கினர். சேன மன்னன் விஜயசேனனின் கல்வெட்டு 1865-ல் அகப்பட்ட தேவபாரா முதலிய பல ஊர்களுக்குச் சென்று, 32 அரும்பொருள்களைச் சேகரித்துத் திரும்பினர். நகர மக்கள் இவர்களை வரவேற்றுப் பாராட்டினர். பாராட்டோடு காரியம் நின்றுவிடவில்லை. இப்பொருள்களை வைத்துக் காக்க ஒரு காட்சிசாலை வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. சரத்குமார் மாதம் 200 ரூபாய் அளிக்க முன்வந்தார். அவ்வாண்டிலேயே சங்கமும் உருப்பெற்றது.

ஆனால் மறு வருஷமே பேரிடர் வந்தது. சேகரித்தவை யாவும் தனக்கே உரியவை என்று 1911-ல் கல்கத்தா இந்திய மியூசியம் உரிமை கொண்டாடியது! அதன் கட்சியில் நியாயமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். பெரிய ஸ்தாபனத்தில் பாதுகாப்பு உண்டு; பல நாட்டுப் பொருள்களை ஒருங்கே வைத்து ஒப்பிட அறிஞர்க்கு வசதியுண்டு. எனினும் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்த சிலை, தன் கதையில் பாதியை இழந்துவிடுகிறது. ராஜஷாஹிச் சிறுவன் தன் ஊர்ச் சிற்பத்தைக் காணக் கல்கத்தாவுக்கா போவான்? கண்ணெதிரே காண்பவனுக்கன்றோ 'இதைச் செய்தவர் யார், ஆண்டவர் யார்?' என்ற கேள்வி பிறக்கும்!

ராஜஷாஹிப் பிரிவின் கமிஷனராயிருந்த மோனஹன் துரை சங்கத்தின் பக்கம் நின்றார். 1912-ல் கவர்னர் கார்மைக்கேல் பிரபு நேரில் வந்து சேகரத்தைப் பார்வையிட்டார். 1913-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதிய உத்தரவினால், உள்ளூர்க் காட்சிசாலைகளே பழம்பொருள்களைச் சேகரித்துக் காக்கலாம் என்ற உரிமை ஏற்பட்டது.

உத்தியோகஸ்தரின் தயவு ஒன்றினாலேயே சங்கம் பெருமை பெற்றதென்று எண்ணுவது பிழை. அது உழைப்பைக் காட்டியது. அதே 1912-ல் சந்தாவின் 'கௌடராஜமாலா', மைத்ரேயரின் 'கௌடலேகமாலா' என்ற இரு நூல்களையும் சங்கம் வெளியிட்டது. பின்னது பாலர் காலத்துச் சாஸனங்களைத் தொகுத்து வங்காளி மொழிபெயர்ப்புடன் தந்தது. தாய்மொழியில் எழுதியதால் ஆராய்ச்சி பண்டிதர் அறையை விட்டுப் பொது ஜனங்களின் உடைமையாயிற்று. 1919-ல் சொந்தக் கட்டிடமும் திறக்கப்பட்டது. 1923-ல் பஹார்பூர் பௌத்த விஹாரத்தின் அகழ்வாராய்ச்சியிலும் சங்கம் பங்கு கொண்டது.

1947-ம் வருஷத்துப் பிரிவினைக்குப் பின் காட்சிசாலைக்கு நெருக்கடி நேர்ந்தது. 1964-ல் ராஜஷாஹி சர்வகலாசாலை அதனை ஏற்றுக் காத்தது. தனவான்கள் மறைந்தாலும் பொருள்கள் ஊரை விட்டுப் போகவில்லை.

நம் நாட்டின் கதை என்ன? ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் தோண்டியெடுத்த பொருள்கள் பெர்லின் நகருக்குப் போயின. தாமிரபரணிக் கரையில் அன்று ஒரு வரேந்திரச் சங்கம் இருந்திருக்குமாயின் 'இவை எங்கள் ஊரினவை' என்று சொல்ல நாலு பேராவது எழுந்திருப்பார்களல்லவா? கீழடியில் 2023-ல் காட்சிசாலை திறக்கப்பட்டது நன்னிமித்தமே. ஆனால் சர்க்கார் ஒவ்வொரு கிராமத்துக்கும் வந்து சேரும் வரை கற்கள் காத்திரா.

ஆகவே ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் ஆண்டுக்கொரு வேலைத் திட்டம் வகுத்துக் கொள்ளட்டும். சுற்றுக் கிராமங்களை நடந்து பார்க்கட்டும். கண்ட சிலையையும் கல்வெட்டையும் இருக்குமிடத்தோடு குறித்துக் கொள்ளட்டும். தாமே தோண்டாமல் அதிகாரிகளுக்கு அறிவிக்கட்டும். ஆண்டிறுதியில் கண்டதைத் தமிழில் அச்சிட்டு ஊராருக்கு வழங்கட்டும். வெறும் ஆண்டு விழாவும் மாலை மரியாதையும் சரித்திரத்தைக் காக்கமாட்டா. ஊரின் உழைப்பே ஊரின் உரிமைக்கு அத்தாட்சி.