மூலத்தட்டில் வேண்டும் முழுக்கவனம்

பக்திப் பாடல்களைக் குறுந்தட்டாக வெளியிடும் பாடகர் குழுவினர், பொருளையெல்லாம் ஒலிப்பதிவில் செலவிட்டுவிட்டு, ஆலைக்கு அனுப்பும் மூலத்தட்டை அவசரத்தில் எழுதிவிடுகின்றனர். 2004-ஆம் ஆண்டில் எங்கள் பங்கும் அவ்வாறே செய்தது. ஆலையார் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டனர். திருவிழாவுக்கு 18 நாட்களே இருந்தன.

பாடல்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே எழுதியிருந்தோம். அப்படி எழுதினால் ஒவ்வொரு பாடலின் முடிவிலும் லேசர் ஒளி நின்று மீண்டும் தொடங்குகிறது. அவ்விணைப்புகளை ஆலையின் கருவி பிழையெனக் கொள்கிறது. முதற்பாடல் தொடங்கி இறுதிப்பாடல் வரை ஒரே ஓட்டமாக எழுதுதல் வேண்டும். ஒலியும் நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்னும் அளவில் அமைதல் வேண்டும். எம்.பி.3 ஆகச் சுருக்கியதை மீண்டும் விரித்தெழுதினாலும் இழந்த ஒலி திரும்பாது.

ஆலையில் இத்தட்டைக்கொண்டு கண்ணாடி மூலமும், அதன்வழி நிக்கல் அச்சும் உருவாகின்றன. ஆயிரம் தட்டுகளும் அவ்வச்சில் பிறப்பவையே. மூலத்தில் ஒரு கீறலொலி இருப்பின் ஆயிரம் இல்லங்களிலும் அது கேட்கும். ஆகவே தட்டை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். அதன்மேல் தாள் ஒட்டாதீர்கள். அனுப்புமுன் முழுவதையும் அமர்ந்து கேளுங்கள். பாடியவர்களை மட்டும் நம்பவேண்டாம். அவரவர் தம் குரலையே கேட்பர்!

எங்கள் இரண்டாவது தட்டில், ஏழாம் பாடலின் முதற்சொல் அறுபட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர், பாடவே தெரியாத எங்கள் கோயிற்பிள்ளை.