வளவும் உயிர்களும் – 9: தேசி இலையில் ஒரு வண்ணத்துப்பூச்சி

பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகருக்குள் வந்தால் எருக்கலைக்குப் பஞ்சமில்லை. வளவுக்குள் தேசியும் கறிவேப்பிலையும், வேலியோரத்தில் அலரி, கோயிலடியில் வில்வம். வண்ணத்துப்பூச்சி வளர்க்க நினைப்பவருக்கு முக்கால்வாசி வேலை இத்தோடு முடிந்தது. மிச்சத்துக்கு ஒரு பெட்டியும் போத்தலும் பழைய நுளம்பு வலைத் துண்டும் போதும்.

புழுக்களில் பெரும்பாலானவை இலை விஷயத்தில் பிடிவாதக்காரர்கள். தேசி, கறிவேப்பிலை, வில்வம், விளாத்தி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு அவற்றில் எதையும் தின்னும். எருக்கலையில் பிறந்த புழுவுக்கு அதே தேசி இலையைக் கொடுத்தால் பட்டினி கிடந்து செத்துப்போகும். ஆகவே புழுவை எந்தச் செடியில் கண்டோமோ, அந்தச் செடியின் இலையே அதற்குச் சாப்பாடு.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தேசி துளிர்க்கும்போது தேடத் தொடங்கலாம். கடுகிலும் சிறிய மங்கல் மஞ்சள் முட்டைகள் இளம் இலையில் தனித்தனியாக ஒட்டியிருக்கும். சில நாளில் பொரிக்கிற புழு, நான்காம் பருவம் வரை பார்ப்பதற்குக் குருவி எச்சம்தான். கடைசித் தோலுரிப்பில் பச்சையாகிவிடும். அப்போது மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கவட்டைக் கொம்பு நீளும். கூடவே ஒரு கடும் மணம். எறும்பு போன்ற எதிரிகளை விரட்ட அதனிடம் இருக்கும் ஆயுதம் இதுதான்.

இலைக் கொப்பைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்தால் வாய்ப்பகுதியைப் பஞ்சால் அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். புழுக்கையைத் தினமும் தட்டிவிடவேண்டும், இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். சந்தையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டாம். அதில் மருந்து அடித்திருந்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும்.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு தின்பதை நிறுத்தி, குச்சியில் பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். எருக்கலைப் புழுவுக்கு இடுப்புக்கட்டு கிடையாது. அது தலைகீழாகத் தொங்கும். அலரி இலை தின்னும் பருந்து அந்துப்பூச்சியின் புழுவோ பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகி, கீழே இறங்கிச் சருகுக்குள் ஒளியும். அதற்குப் பெட்டியின் அடியில் மண்ணும் காய்ந்த இலையும் போட்டு வைக்கவேண்டும்.

சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. சிறு துளையிட்டுக்கொண்டு குளவிக் குஞ்சுகள் வெளியே வரும். தாய்க் குளவி முன்பே உள்ளே முட்டையிட்டிருக்கும். வளர்த்தவரின் பிழை அல்ல.

இலங்கையில் இப்படிப் புழுக்களைக் கவனித்துப் பதிந்துவைத்த மரபு பழையது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் துவெயிற்ஸின் மேற்பார்வையில் வில்லியம், ஜோர்ஜ் டி அல்விஸ் சகோதரர்கள் புழு, கூடு, பூச்சி என ஒவ்வொரு நிலையையும் வரைந்தார்கள். அந்த ஓவியங்களோடு பிரெடெரிக் மூர் எழுதிய இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூல் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது.

தேசிக்காரருக்குத் தேசி வண்ணத்துப்பூச்சி மேல் கோபம் இருப்பதும் நியாயம். 2004இல் கடல் கடந்த டொமினிக்கன் குடியரசில் முதன்முதலாகக் காணப்பட்டபோது அங்கே எலுமிச்சை இனப் பயிர்களுக்கு ஆபத்து என்றே பார்க்கப்பட்டது. இளங்கன்றை நாலைந்து புழுக்களே மொட்டையடித்துவிடும்; வளர்ந்த மரத்துக்கு அது பொருட்டல்ல. ஆகவே கன்றில் கண்ட புழுவை நசுக்காமல் பெரிய மரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வெளிவந்த பூச்சிக்குச் சிறகு விரிந்து காய ஓரிரு மணி நேரம் கொடுத்து, வெயில் ஏறியதும் வளவிலேயே திறந்துவிடுங்கள். முருங்கையில் மொய்க்கும் மயிர்க்கொட்டியை மட்டும் இப்போதைக்குக் கையால் தொடவேண்டாம். அதன் கதை அடுத்த வாரம்.