பெரியதொரு பகா எண்

1 ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண் என நாம் அறிவோம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் 31. ஏழு இரண்டுகளெனில் 127. இரண்டும் பகா எண்களே. உடனே விதி கண்டோம் என மகிழலாமா? பதினோரு இரண்டுகள் தரும் 2047, 23ஐ 89ஆல் பெருக்கினால் வருவதன்றோ!

பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென், 67 இரண்டுகளும் 127 இரண்டுகளும் இவ்வாறே பகா எண் தரும் என 1644இல் எழுதினார். 1876இல் அந்நாட்டு அறிஞர் எட்வார் லூக்கா, தாம் கண்ட புதிய சோதனையால் கணிப்பொறியின்றியே ஆராய்ந்தார். 67 பொய்த்தது, 127 நிலைத்தது! 170141183460469231731687303715884105727 என்னும் அந்த 39 இலக்க எண்ணே, 1951 வரை அறியப்பட்ட பகா எண்களில் மிகப் பெரியதாக விளங்கியது.

ஊகம் வழிகாட்டும், நிரூபணமே உண்மையை நிலைநாட்டும். தோழியரே, விடையோடு செய்முறையையும் எழுதுவோம்!