இயந்திரத்திற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள்

விஞ்ஞானத்தையும் தொழில் நுட்பத்தையும் எத்திசையில் செலுத்துவது என்னும் வினாவுக்கு விடையைத் தத்துவ நூல்களில் மட்டுமே தேட வேண்டுவதில்லை. 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகளின் முயற்சியால் அகில இந்திய நூற்போர் சங்கம் வெளியிட்ட பரிசு அறிவிப்பொன்றிலும் அது அடங்கியிருக்கிறது. சிறந்த இராட்டை ஒன்றை உருவாக்குபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கப்படும் என்றது அவ்வறிவிப்பு.

பரிசுத் தொகை அந்நாளில் பெரிதுதான். ஆயினும் நிபந்தனைகளே நம் கவனத்திற்குரியவை. இராட்டை எடை குறைந்ததாக, குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். பெண்ணொருத்தி எட்டு மணி நேரம் மிகுந்த சிரமமின்றி அதில் நூற்க இயல வேண்டும். அடக்க விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. அவ்வப்போது பழுது பார்த்தால் 20 ஆண்டுகளேனும் உழைக்க வேண்டும்.

இயந்திரத்தை முதலில் ஆக்கிவிட்டு, மனிதனை அதற்கேற்பப் பழக்குவதே தொழிற்புரட்சியின் வழி. இங்கோ உழைப்பவரின் உடலும் வீடும் வருவாயும் பொறியியல் அளவுகளாகவே எழுதப்பட்டன. காந்தியடிகள் இயந்திரங்களின் பகைவர் என்போர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை. 1924-இலேயே அவர் சிங்கர் தையல் இயந்திரத்திற்கு விதிவிலக்கு அளித்தார். அதனைச் செய்யும் தொழிற்சாலை அரசுடைமையாக இருக்கட்டும் என்றும் கூறினார்.

பரிசை எவரும் பெறவில்லை. பின்னர், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களைக் கொண்ட இராட்டையை அமைத்தார். அவர் பெயராலேயே ‘அம்பர்’ எனப்பட்ட அது, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அரசின் ஆதரவுடன் பரவியது. எனினும் ஆலை நூலின் விலையோடு அதன் நூல் போட்டியிட முடியவில்லை, மானியம் தேவைப்பட்டது. காரணம் எளிது. 1929-இன் நிபந்தனைகள் இராட்டையைக் கட்டுப்படுத்தினவே தவிர, சந்தையைக் கட்டுப்படுத்தவில்லை. கருவியை மட்டும் நெறிப்படுத்தும் எந்தத் தத்துவமும் இவ்விடத்தில் இடறும் எனலாம்.

சுதந்திர இந்தியாவின் முதல் முயற்சி வேறு வகையினது. 1958 மார்ச் 4 அன்று ஏற்கப்பட்ட விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம், நேருவின் நோக்கிற்கிணங்க விஞ்ஞானத்தை வளர்ப்பதையே முதன்மையாகக் கொண்டது. 1976-இல் 42-ஆவது திருத்தம் விஞ்ஞான மனப்பான்மையைக் குடிமக்களின் கடமையாக்கியது. யாருக்கு வேலை, எந்தத் திறனுக்கு இடம் என்னும் பழைய கேள்வி 1983-ஆம் ஆண்டுத் தொழில் நுட்பக் கொள்கை அறிக்கையில் மீண்டும் எழுந்தது. தற்சார்புடன், கூடுதல் வேலைவாய்ப்பையும் மரபுத் திறன்களின் பயனையும் அது வலியுறுத்தியது. ஆனால் இவை நோக்கங்களாகவே கூறப்பட்டன. 150 ரூபாய், எட்டு மணி நேரம் என்பனபோல் பொறியியலாளர் தம் வரைபடத்தில் குறித்துக்கொள்ளத்தக்க அளவுகளாக அல்ல.