சனிக்கிழமைக் கூட்டமும் தாத்தாவின் மூலிகைக் குறிப்பும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் சில மாதங்கள் சந்தேகங்களிலேயே ஓடும். விற்ற கடைக்காரர் இரண்டு முறை போனை எடுப்பார். மூன்றாவது முறை எடுக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பரீட்சை வந்துவிடும். பிறகு யாரைத்தான் கேட்பது? எனக்குக் கிடைத்த வழியைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

என் தாத்தா நாட்டு வைத்தியர். அவர் நோட்டுகளில் எழுதி வைத்திருந்த மூலிகைக் குறிப்புகளை, அப்பா 2002-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து டைப் செய்து வாங்கினார். மொத்தம் 140 பக்கங்கள். நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. பிரிண்ட் எடுத்த ஒரே பிரதியை உறவினர் ஒருவர் வாங்கிப் போனார், திரும்பி வரவில்லை. மிஞ்சியது ஒரு சிடி மட்டும்தான்.

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் அப்பா முதலில் கேட்டது அந்தக் குறிப்புகளைத்தான். அதில் சிடி டிரைவ் இல்லை. வெளியே இணைக்கும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, பைலைத் திறந்தேன். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி! பக்கம் முழுவதும் இப்படியே. 79 வயது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எங்க அப்பா எப்படா இங்கிலீஷ்ல எழுதினார்?" என்றார்.

நானே செய்த குளறுபடி

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்து என்று கண்டுபிடித்து, வேர்ட் புரோகிராமில் கண்ட்ரோல் + எச் அழுத்தி, ஒவ்வொன்றாக மாற்றிவிட்டால் போயிற்று! எஃப் என்றால் "க". உடனே மாற்றினேன். என், எச் என்று வரிசையாக மாற்றினேன். ஒரு மணி நேரம் கழித்துப் படித்துப் பார்த்தால், "கஷாயத்தை இருவேளை கடிக்கவும்" என்று இருந்தது. தாத்தா எழுதியது "குடிக்கவும்". "குழந்தை" எல்லாம் "கழந்தை" ஆகியிருந்தது. கொம்புகள் இடம் மாறி, முந்தைய எழுத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன.

சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள் பயமாக இருந்தது. இது மருந்துக் குறிப்பு. ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். நல்லவேளை, சிடியில் மூல பைல் அப்படியே இருந்தது.

கூட்டத்தில் நடந்தது

நண்பரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அங்கிள், எங்க சாப்ட்வேர் மீட்டப்புக்கு வாங்களேன். மாசம் ஒரு சனிக்கிழமை கூடுறோம். ஃப்ரீதான்" என்றாள். நான் மளிகைக் கடையில் கணக்கு எழுதுபவன். புரோகிராம் எழுதுகிறவர்கள் நடுவில் எனக்கு என்ன வேலை என்று தயங்கினேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

அது ஒரு கல்லூரி வகுப்பறை. இருபத்தைந்து பேர் இருப்பார்கள். மாணவர்கள், கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். முதலில் ஒவ்வொருவரும் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்கள். பிறகு இரண்டு பேர் ஆளுக்கு அரை மணி நேரம் பேசினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. டீ வந்தது. கடைசியில், "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார்கள். கையைத் தூக்கினேன்.

என் பைலைத் திரையில் போட்டதும் ஒரு மாணவி, "இது பாமினி எழுத்துரு" என்றாள். அவள் சொன்ன விளக்கம் இதுதான்: கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலச் சிறிய எம்முக்கு உரிய எண் 109. பாமினி அந்த எண்ணுக்கு எம்முக்குப் பதிலாக "அ"வின் படத்தைக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எம் மட்டுமே தெரியும். யூனிகோடில் "அ"வுக்கென்று 2949 என்ற சொந்த எண் உண்டு. அதனால் யூனிகோடு தமிழ் எழுத்துரு எதைப் போட்டாலும் "அ", "அ"வாகவே தெரியும். தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

நான் செய்த தவறுகளும் தெரிந்தன. பாமினியில் சிறிய எஃப் "க", பெரிய எஃப் "கு". மேட்ச் கேஸ் என்பதை டிக் செய்யாமல் மாற்றியதால் இரண்டும் "க" ஆகிவிட்டன. அடுத்து, "கொ" என்பது பாமினியில் என், எஃப், எச் என மூன்று எழுத்து. முதலில் மூன்றெழுத்துக் கூட்டங்களை மாற்ற வேண்டும், பிறகு இரண்டெழுத்து, கடைசியில்தான் ஓரெழுத்து. நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

"ஓப்பன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பில் இதற்கு ரெடிமேட் வசதி இருக்கு. ஆனா எப்படி வேலை செய்யுதுன்னு தெரிய நாமே எழுதிப் பார்ப்போம்" என்றார்கள். பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பட்டியலைச் சொன்னேன். ஆறரை மணிக்குத் தாத்தாவின் முதல் பக்கம் தமிழில் வந்தது.

நான் கண்டுபிடித்த பிழை

வீட்டில் அப்பாவும் நானும் வரி வரியாகப் படித்தோம். "செடி", "கொடி" வரும் இடமெல்லாம் "டி"க்குப் பதில் ஆங்கில "பி" நின்றது. மூலிகைப் புத்தகத்தில் செடி கொடி எத்தனை முறை வரும் என்று சொல்ல வேண்டுமா! அடுத்த மாதக் கூட்டத்தில் சொன்னேன். மற்ற எழுத்துகளுக்கு மெய்யோடு விசிறி சேர்ந்தால் போதும். பாமினியில் "டி", "டீ" இரண்டுக்கும் தனி விசை. பட்டியலில் அவை விடுபட்டிருந்தன. இரண்டு வரி சேர்த்ததும் சரியானது. புரோகிராம் தெரியாத நான் ஒரு புரோகிராமைத் திருத்த உதவினேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

இப்படிக் கூடுவது புதிதல்ல. 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார் ஷெட்டில் ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. அங்கே போன ஸ்டீவ் வோஸ்னியாக் பிறகு உருவாக்கியதுதான் முதல் ஆப்பிள் கம்ப்யூட்டர். தமிழ்நாட்டிலும் சென்னை லினக்ஸ் பயனர் குழு, பைத்தான் மொழிக்கான சென்னைபை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் குழுக்கள் என்று பல உண்டு.

நீங்கள் போவதற்கு முன்

* உங்கள் ஊர்ப் பெயரோடு "லினக்ஸ் பயனர் குழு" அல்லது "பைத்தான் மீட்டப்" என்று தேடுங்கள். தேதி, இடத்தை அன்றே உறுதி செய்துகொள்ளுங்கள்.
* கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்றால் போதாது. என்ன செய்தீர்கள், என்ன வந்தது என்று எழுதுங்கள்.
* பைலின் பிரதியை மட்டும் பென் டிரைவில் கொண்டு போங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.
* பாஸ்வேர்ட், வங்கி விவரம் எதையும் யாரிடமும் காட்டாதீர்கள்.
* உதவி கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். அடுத்த மாதமும் போய், விளைவு என்ன என்று சொல்லுங்கள்.

140 பக்கங்களையும் சரிபார்க்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. அளவுகள் வரும் இடங்களை அப்பா இருமுறை படிக்கச் சொன்னார். உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய சிடி ஏதாவது இருக்கிறதா? இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். சிடிக்கும் வயதாகிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான்.