மழையில் பந்தயக் கார் ஓட்டுவது எப்படி?
சாரல் ரோட்டுக்கும் அதே பாடம்தான்!

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவே இருக்கிறது, இலஞ்சி. ஆனி மாதம் பிறந்தால் அங்கே சாரலும் பிறந்துவிடும். மலைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து, பன்னீர் தெளிப்பது போலத் தூறிக்கொண்டே இருக்கும். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அது ஆனந்தம். அவர்களைக் காரில் ஏற்றி வருகிறவருக்கோ அது சோதனை!

பெருமழை கொட்டினால் எவரும் பயந்து மெதுவாகப் போவார்கள். சாரலைக் கண்டு யார் பயப்படுகிறார்கள்? ஆபத்து இருப்பது அங்கேதான். வெயில் காலம் முழுவதும் ரோட்டில் எண்ணெய்ப் பிசுக்கும், தூசியும், டயர் தேய்ந்த ரப்பர்த் தூளும் படிந்து கிடக்கின்றன. முதல் தூறல் விழுந்ததும் இவை எல்லாம் குழைந்து, மெழுகு பூசியது போல ஆகிவிடுகின்றன. பெருமழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தூறலுக்கு அந்தச் சக்தி கிடையாது.

இந்த வழுக்கலை அடக்கி ஆள்வதை ஒரு வித்தையாகவே கற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் மோட்டார் பந்தய வீரர்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், கொட்டும் மழையில் அவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்? அதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை!

சோழவரத்தில் தொடங்கியது

தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிது அல்ல. இரண்டாவது உலகப் போரின்போது சென்னைக்கு அருகே சோழவரத்தில் விமானத் தளம் ஒன்று அமைத்தார்கள். போர் முடிந்த பிறகு, 1950-களில் அது பந்தயத் திடலாக மாறியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே ஒரு தளம் திறக்கப்பட்டது. அதன் சுற்று 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் இன்னொரு தளம் இருக்கிறது. கோவை பந்தய வீரர் கரிவர்தனின் நினைவாக அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மழையும் பந்தயமும் மோதிக்கொள்வதைச் சென்னை நகரமே பார்த்தது. 2023 டிசம்பரில் தீவுத்திடலைச் சுற்றி நடக்க இருந்த கார் பந்தயம், மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிற்று. 2024 ஆகஸ்டு கடைசியில்தான் அது நடந்தது.

உள்ளங்கை அளவு

காரின் விலை பல லட்சமாக இருக்கலாம், கோடியாகவும் இருக்கலாம். அது ரோட்டைத் தொடுகிற இடம் எவ்வளவு? ஒவ்வொரு டயருக்கும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான்! அந்த நாலு உள்ளங்கைகள்தான் காரை ஓட வைக்கின்றன, திருப்புகின்றன, நிறுத்துகின்றன.

டயரின் பிடிப்பு, பையில் இருக்கிற பணம் போன்றது. பிரேக் போட்டால் கொஞ்சம் செலவு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் செலவு. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் கொஞ்சம். ரோடு நனைந்துவிட்டால் பையில் பாதிப் பணம்தான் மிச்சம். அந்த நேரத்தில் பிரேக்கையும் மிதித்து, ஸ்டியரிங்கையும் திருப்பினால் என்ன ஆகும்? பை காலி! கார் தன் இஷ்டத்துக்குப் போகும்.

ஆகவே மழையில் ஓட்டக் கற்கிறவருக்கு முதல் பாடம் இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு வேலை. வளைவு வருவதற்கு முன்பே, கார் நேராகப் போகும்போதே, பிரேக் போட்டு முடித்துவிட வேண்டும். பிறகுதான் திருப்ப வேண்டும். கார் மறுபடியும் நேரான பிறகுதான் ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டும். எதையும் வெடுக்கென்று செய்யக் கூடாது. நிறைகுடத்தைச் சுமந்து வருகிற பெண்ணின் நடையைப் போலக் கையும் காலும் அசைய வேண்டும்.

தண்ணீரில் மிதக்கும் கார்

டயரில் பள்ளம் பள்ளமாகக் கோடுகள் இருக்கின்றன அல்லவா? அவை அழகுக்காக அல்ல. அடியில் சிக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக வெட்டப்பட்ட வாய்க்கால்கள். உலர்ந்த தளத்தில் ஓடும் பந்தயக் காருக்குக் கோடே இல்லாத வழவழப்பான டயர் போடுவார்கள். மழை வந்துவிட்டால், ஓடி வந்து ஆழமான கோடுகள் உள்ள டயரை மாட்டுவார்கள். பார்முலா ஒன் காரின் மழை டயர், 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும் என்று அதைச் செய்கிற பிரெல்லி கம்பெனி கூறுகிறது. ஆறேழு குடம் தண்ணீர், கண் மூடித் திறப்பதற்குள்!

வாய்க்கால் தேய்ந்துவிட்டால்? தண்ணீர் வெளியே போக வழியில்லை. டயர் தண்ணீரின் மேல் ஏறிக்கொள்ளும். கார் படகு ஆகிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. அமெரிக்காவின் நாசா நிபுணர்கள், விமானங்கள் ஈரமான ஓடுபாதையில் வழுக்குவதை 1960-களில் ஆராய்ந்தார்கள். டயரில் காற்று குறையக் குறைய, இன்னும் குறைந்த வேகத்திலேயே அது மிதக்கத் தொடங்கும் என்று கண்டார்கள். அவர்கள் கணக்குப்படி, 30 பவுண்டு காற்று உள்ள டயர், தேங்கிய தண்ணீரில் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்துவிடும். தேய்ந்த டயர் அதற்கு முன்பே மிதக்கும்.

இன்னொரு விந்தை! ஸ்போர்ட்ஸ் காரின் டயர் அகலமானது. வெயிலில் அதுவே அதற்குப் பலம். தேங்கிய தண்ணீரிலோ, சின்னக் காரின் ஒல்லி டயரைவிட அகல டயரே சீக்கிரம் மிதக்கும். விலை உயர்ந்த கார் என்பதால் மழை அதற்குச் சலுகை காட்டுவதில்லை.

வழுக்கப் பழகு!

பந்தயப் பள்ளிகளில் ஒரு வேடிக்கையான பயிற்சி உண்டு. அகன்ற திடலில் தண்ணீரைத் தெளித்து, காரை வேண்டுமென்றே வழுக்க வைப்பார்கள். பின்புறம் வலப் பக்கமாகச் சறுக்கினால், ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கையும் வலப் பக்கமே திருப்ப வேண்டும். கார் நேரானதும் ஸ்டியரிங்கையும் நேராக்கிவிட வேண்டும். முன்புறம் சறுக்கினால், மேலும் மேலும் திருப்பிப் பயன் இல்லை. வேகத்தைக் குறைத்து, திருப்பியதைச் சற்றுத் தளர்த்த வேண்டும். கண் எப்போதும் போக வேண்டிய வழியையே பார்க்க வேண்டும். மரத்தைப் பார்த்தால் கை மரத்துக்கே கொண்டு போகும்!

வெயிலில் வேகமாகப் போக ஏற்ற வழி, மழையில் எதிரியாகிவிடுகிறது. எல்லாக் கார்களும் ஒரே தடத்தில் ஓடி ஓடி அங்கே ரப்பர் படிந்திருக்கும். நனைந்தால் அது வழுக்கும். ஆகவே கைதேர்ந்த வீரர், மழை வந்ததும் அந்தத் தடத்தை விட்டு விலகி, சொரசொரப்பான இடத்தைத் தேடிப் போகிறார்.

மழையில் ஜெயித்தவர்கள்

1968-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்தில் மழை, அதோடு மூடுபனி. ஸ்காட்லாந்து வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கு மணிக்கட்டில் காயம் வேறு. ஆனால் இரண்டாவதாக வந்தவரைவிட நாலு நிமிஷத்துக்கு மேல் முன்னதாக வந்து அவர் ஜெயித்தார்! பிரேசில் வீரர் அயர்ட்டன் சென்னாவுக்கு முதல் பார்முலா ஒன் வெற்றி கிடைத்ததும் கொட்டும் மழையில்தான். அது 1985-ல் போர்ச்சுகலில் நடந்தது.

நம் கோவை நாராயண் கார்த்திகேயன், 1992-ல், 15 வயதில், பிரான்சில் உள்ள வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போய்க் கற்றார். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில், டயர் தாங்காது என்று பயந்து 14 கார்கள் விலகிக்கொண்டன. மீதி ஆறு கார்கள் ஓடியதில் நாராயண் நாலாவதாக வந்தார். உலகத்தின் மிக வேகமான கார்களும் டயர் சொன்னபடிதான் நடக்க வேண்டியிருந்தது!

சாரல் ரோட்டில்...

இலஞ்சியில் பந்தயத் தளம் கிடையாது, வேண்டியதும் இல்லை. பந்தயத் தளத்தில் வழுக்கினால் ஓரத்தில் மணலும், டயர் அடுக்கிய சுவரும் காப்பாற்றும். இங்கே ரோட்டோரம் நடப்பது பள்ளிப் பிள்ளைகள், பூக்காரி, ஈரத் துணியோடு அருவியிலிருந்து திரும்புகிற குடும்பம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நனைந்த தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், பிரேக் போட்டால் சுமார் 16 மீட்டர் ஓடி நிற்கும். 80 கிலோமீட்டர் வேகமானால்? 32 மீட்டர் என்று நினைக்கத் தோன்றும். இல்லை, 60 மீட்டருக்கு மேல்! வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்கு. கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடுகிற 20 மீட்டர் இதில் சேரவில்லை.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அது சக்கரம் இறுகிப்போகாமல் காக்கும். ஆனால் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

சீசனுக்குப் புறப்படுமுன் டயரின் கோட்டையும் காற்றையும் பாருங்கள். முன்னே போகிற வண்டிக்கு இரண்டு மடங்கு இடம் விடுங்கள். புளியரை மலை வளைவு போன்ற இடங்களில், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கார் தண்ணீரில் மிதப்பது போலத் தெரிந்தால், பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள்.

வேகமாகப் போகிற பந்தய வீரர், மழையைக் கண்டால் முதலில் செய்வது வேகத்தைக் குறைப்பதுதான். அவருக்கே அது அவமானம் இல்லை என்றால், அருவிக்குப் போகிறவருக்கு என்ன அவசரம்?