டெலிவிஷன் அடியிலுள்ள பழைய கம்ப்யூட்டர்

வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் டெலிவிஷன் பெட்டியின் அடியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கக் காணலாம். மேஜை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, மாலை வேளையில் படமும் பாட்டும் வழங்கிவருவது அது. டில்லியிலோ பம்பாயிலோ பிறந்த குழந்தைகள் தாத்தாவின் பேச்சையும் ஊர்த் திருவிழாவின் நாகசுரத்தையும் கேட்பது பெரும்பாலும் அதன் வாயிலாகத்தான்.

அதற்கு இப்போது ஒரு சங்கடம் நேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 7-க்கோ 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இயந்திரம் அதனால் நின்றுபோகாது. ஆயினும் இன்டர்நெட்டுடன் இணைந்திருக்கும் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராதிருப்பது தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒப்பாகும். விண்டோஸ் 11 போடலாமென்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் இவை கிடையா. கடைக்காரர் புதிது வாங்கச் சொல்வார். படம் பார்ப்பதற்கு மட்டும் அத்தனை செலவு அவசியமன்று என்பது நமது அபிப்பிராயம்.

மேலும், புதியது வரும்போது பழைய சௌகரியம் போய்விடுவதும் உண்டு. 2015-இல் விண்டோஸ் 10-க்கு மாறியவர்கள், ரிமோட் கொண்டு இயக்கிவந்த மீடியா சென்டர் அதில் அறவே நீக்கப்பட்டிருக்கக் கண்டார்கள். அந்தக் குறையை ஈடுசெய்யவல்லது கோடி என்னும் இலவச மென்பொருள். (நம் கோடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்கென்று பிறந்து, 2014-இல் இப்பெயர் பூண்டது.) கோடியை இயக்குவதற்கென்றே அமைந்த சிறிய லினக்ஸ் இயங்குதளம் லிப்ரெலெக். சொந்தப் படங்களையும் பாட்டுகளையும் மட்டும் கேட்கும் குடும்பத்துக்கு இது போதும். பிரவுசர் வழியே சந்தாப் படங்களும் பார்ப்பவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற முழு இயங்குதளத்தை நாடுவது நலம். அதைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, டெலிவிஷனில் ஒலி வருகிறதா, ரிமோட் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. லிப்ரெலெக்கை ஹார்டு டிஸ்கில் நிறுவினால், அந்த டிஸ்கில் உள்ளவை யாவும் அழிந்துபோகும். சினிமாப் படம் போனால் மீண்டும் கிடைக்கும். பாட்டியின் தாலாட்டு கிடைக்குமா? ஆகையால் முதற்காரியமாக அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்கில் பிரதியெடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு இயக்கிப் பார்க்கவேண்டும். பெயர்ப் பட்டியல் தெரிவது மட்டும் போதாது. ஒவ்வொரு பதிவையும் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் சிறிது ஓடவிட்டுக் கேட்கவேண்டும். புதியது நிறுவும்போது அந்த டிஸ்கைக் கழற்றி வைத்துவிடவேண்டும்.

மற்றொன்று பலர் கவனியாதது. யூனிகோடு பரவுமுன் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பழைய இயங்குதளம் உயிரோடிருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது உத்தமம். வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒலிப்பதிவுகளும் இருக்கும். அதில் பாடுவது பெரியத்தையா, சின்னத்தையா என்பது வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு, பாடுபவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிடலாம். குழந்தைகளையே தட்டச்சு செய்யச் சொல்லலாம். வேலையோடு தமிழும் ஏறும்.

இவ்வேலை முடிந்தபின் இயங்குதளத்தை மாற்றுவது பெரும்பாலும் ஒரு பிற்பகல் வேலையே. மின்சாரம் தடைப்படக்கூடிய ஊரில் இருப்பவர்கள் யு.பி.எஸ். இணைத்துக்கொண்டு தொடங்குக. விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் இன்னொரு பிரதியை எடுத்துச் சென்று, அங்குள்ள அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்துவைக்கலாம்.